மூன்றாவது சுவர்

செனோபியா ஹார்க்ரோவ் ஓடி யாரும் பார்த்ததில்லை. அறுபத்தெட்டு வயது, மூட்டு வலி வேறு. ஞாயிறு ஆராதனைக்கே ஆடி அசைந்து வந்து இரண்டாவது பாட்டில்தான் உட்காருவார். அப்படிப்பட்டவர் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கார்வர் தெரு விழாவின் கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி ஓடி வந்ததும், ஆர்லீன் பெட்வே மடியிலிருந்த, பீச் பழத்தில் செய்த காப்ளர் இனிப்புக் கிண்ணத்தை எடுத்துப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தார்.

"ஆர்லீன், ஆல்ட்டனைக் காணோம்!"

கிண்ணத்தை வாங்கியவர் கோர்ட்டெஸ் மேப்ரி. தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அவருக்கு வாயும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது.

"மிஸ் செனோபியா, உங்கண்ணன் போய்ச் சேர்ந்து நாப்பத்தொன்பது வருஷம் ஆச்சே..."

"படத்தைச் சொல்றேன்டா மடையா! அவன் படத்தை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்!"

ஆர்லீன் முப்பது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த வீடுகளில் போய் நின்று, தீ எங்கே பிடித்தது, யார் பிடிக்க வைத்தார்கள் என்று பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் டெட்ராய்ட்டின் இந்தப் பகுதியில் பூனை காணாமல் போனால்கூட அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் மேப்ரியின் நாற்காலியைக் காலால் நகர்த்தி செனோபியாவிடம் தள்ளினார். மேப்ரி காப்ளர் கிண்ணத்தோடு நின்றார்.

"உக்காரு கண்ணு. மூச்சு விடு. இப்ப மணி நாலே கால். ஆறு மணிக்குத்தானே படத் திறப்பு? நேரம் இருக்கு."

"நேரம் எங்க இருக்கு? விழா முடிஞ்சா ஆளாளுக்குக் காரை எடுத்துட்டுப் போயிடுவாங்க. மேகம் வேற கறுத்துக்கிட்டு வருது. அந்தப் படத்தோட முதுகுலதான் போட்டோவையும் ஒட்டி வச்சிருந்தேன், ஆர்லீன். அவன் முகம் இருந்ததே அந்த ஒரு போட்டோவுலதான். அதுவும் போச்சுன்னா அவன் எப்படி இருந்தான்னு சொல்ல எனக்கு எதுவுமே இல்ல."

சொல்லி முடிக்கும்போதே அவர் அழுதுவிட்டார். பிறகுதான் கதை கோர்வையாக வந்தது.

பழைய வீடு எரிந்ததில் குடும்பப் படங்கள் எல்லாம் சாம்பல். மூன்று வருடம் முன்பு அலபாமாவிலிருந்து ஒரு சித்தி மகள் தன் பெட்டியில் கிடந்த போட்டோவை அனுப்பினாள். இருபத்து நாலு வயது ஆல்ட்டன், வாசல் படியில், காதில் பென்சில் செருகி, முழங்காலில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதே வருடம்தான் நிமோனியாவில் இறந்தான். அந்தப் போட்டோவைப் பார்த்து செனோபியா இரண்டு வருடம் வரைந்தார். இன்று ஆறு மணிக்குத் திறப்பதாக இருந்தது.

"இன்னிக்குக் காலைல அதை யாரெல்லாம் பார்த்தாங்க?"

"மூணே பேர். மீன் வேன் ரூஃபஸ்தான் கார்லேருந்து தூக்கிட்டு வந்து வச்சான். 'இது ஆல்ட்டன் வாயேதான்'னான். அப்புறம் அந்தப் படக்கடை டெல்ஃபீன். விலைக்குக் கேட்டா, மாட்டேன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனா. அப்புறம் நம்ம லூஷியஸ். திறப்புக்கு அவன்தானே வாசிக்கணும்!"

"லூஷியஸ் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல, பாவம். குனிஞ்சு அந்த முழங்காலையே பார்த்துட்டு நின்னான். 'போட்டோ எங்கேருந்து கிடைச்சுது, இப்ப எங்க இருக்கு'ன்னு கேட்டான். படத்தைத் திருப்பிக் காட்டினேன். அவனும் ஆல்ட்டனும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க ஆச்சே."

லூஷியஸ் பிரேசி இந்தத் தெருவின் பெருமை. 'கார்வர் தெரு காலை' என்ற அவருடைய பாட்டு ஒரு காலத்தில் வானொலியில் வராத நாள் கிடையாது. விழாவை அவர் கீபோர்டில் அதை வாசித்துத்தான் முடிப்பது வழக்கம். எழுபத்திரண்டு வயதிலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"எப்போ காணாமப் போச்சு?"

"கரண்ட் போச்சே, அப்போ. மூணு அம்பது இருக்கும். பாட்டு நின்னுது, கூடாரத்துல ஃபேனும் நின்னுது. என்னடா இதுன்னு மேடைக்குப் போய்க் கத்தினேன். பத்து நிமிஷம் கழிச்சு வந்து பார்த்தா வெறும் ஸ்டாண்டு."

ஆர்லீன் மேப்ரியைப் பார்த்தார். "நீ அப்போ ஆடிக்கிட்டு இருந்தே இல்ல? ஏதாவது கண்ணுல பட்டுதா?"

"நான் எங்க பார்க்கிறது, அவமானத்துல தலையே நிமிரல! பொடிசுங்க கால் பின்னிக்கிச்சுன்னு டில்லி கை தூக்கியிருக்கா. நான் கவனிக்கல. ஜோரா திரும்பிட்டேன். பக்கத்துல நின்ன டெல்ஃபீன் காலை நசுக்கிட்டேன். வெள்ளைச் செருப்பு. அந்தம்மா பார்த்த பார்வை இருக்கே!"

கார்வர் தெருவில் நடக்கக் கற்ற குழந்தை அடுத்ததாகக் கற்பது ஹசில் ஆட்டம். எல்லோரும் வரிசையாக நின்று, ஒரே அடிகளை வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் இடப்பக்கம் கால்வாசி திரும்ப வேண்டும். ஒவ்வொரு திசையும் ஒரு சுவர். விழாவில் முதல் சுவர் மேடை, இரண்டாவது தேவாலயம், மூன்றாவது மீன் வேன், நாலாவது ஓவியக் கூடாரங்கள். முன்வரிசையில் ஆடும் டில்லி பேசாமல் கையை உயர்த்தினால் திரும்பக் கூடாது, அதே சுவரைப் பார்த்து இன்னொரு சுற்று.

ஆர்லீன் எழுந்து கூடாரத்துக்கு நடந்தார். அவர் நடையில் அவசரம் கிடையாது, மேப்ரிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பத்தடி முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். புழுக்கம் சட்டைக்குள் ஊர்ந்தது. மேற்கே இடி உறுமியது.

கூடாரத்தில் ஸ்டாண்டின் காலடியில், படத்தை மூடியிருந்த வெள்ளைத் துணி நாலாக மடித்துக் கிடந்தது. ஆர்லீன் அதை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு கறை இல்லை. பின்பக்கத் திரையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. அதற்கு அப்பால் கார்கள் நிற்கும் சந்து. அதே சந்து மேடையின் பின்புறம்வரை போகிறது.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பெரிய கறுப்புத் திரை வேறு தெருவை மறைத்தது. மேப்ரி விசாரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மிஸ் ஆர்லீன், அஞ்சு ஆம்பளைங்க பத்து நிமிஷம் தலையைப் பிச்சுக்கிட்டாங்களாம். ஒருத்தன் பெட்ரோல் ஊத்துறான், ஒருத்தன் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுறான். கடைசில ஒரு பொம்பளை வந்து பார்த்தா, சுவிட்சு அணைச்சிருக்கு!"

"அப்போ அணைச்சிருக்காங்க. தானா அணையல."

அதற்குள் தெருவின் மேற்கு முனையில் கூச்சல் கிளம்பியது. மீன் வேனைச் சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். முழங்கைவரை சோள மாவும் எண்ணெயுமாக, கரண்டியோடு ரூஃபஸ் டீல் நடுவில் நின்றார்.

"வேனை உடைச்சுப் பாருங்கய்யா! மீனைத் தவிர ஒண்ணும் இல்ல! காலைலேருந்து இந்தச் சட்டியை விட்டு நகரல. அடுப்புல எண்ணெயை வச்சுட்டு எவனாவது படம் திருடப் போவானா?"

"நான் ஆசைப்பட்டா சொல்றேன்?" லூஷியஸ் தணிந்த குரலில்தான் பேசினார். "பார்த்ததைச் சொன்னேன். அவ்ளோதான்."

ஆர்லீன் அவரைத் தனியாக அழைத்துக் கேட்டார். லூஷியஸ் தயங்காமல் சொன்னார்.

"நானும் ஆட்டத்துல இருந்தேன், பின்வரிசைல. மேடையைப் பார்த்து ஒரு சுத்து, சர்ச்சைப் பார்த்து ஒரு சுத்து ஆடி, இந்தப் பக்கம் திரும்பியாச்சு. குனிஞ்சு தரையைத் தொடுற அடி வருமே, அப்போ பாட்டு நின்னுது. நிமிர்ந்தா நேர் எதிர்ல வேன். ரூஃபஸ் மேஜைத்துணில சுத்தின பலகை மாதிரி எதையோ உள்ள வச்சான். செனோபியாவுக்காகத்தான் சொல்றேன். இல்லாட்டி வாயே திறந்திருக்க மாட்டேன்."

"அப்போ இந்தச் சுவரைப் பார்த்துதான் நின்னீங்க?"

"ஆமா, இதேதான். மூணாவது சுவர். பாட்டு போட்டவனுக்குக் கணக்குத் தெரியாதா, ஆர்லீன்?"

மேப்ரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆர்லீன் அவர் காலை லேசாக மிதித்தார்.

வழியில் தேவாலயப் படியில் மதர் ஐவரி உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயது, நாற்பது வருடமாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஈமச்சடங்குக் கடை இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"மதர், கரண்ட் போனப்போ நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"வேற எங்க போவேன்? நல்லா கேட்டே போ! அந்தப் பாட்டு சட்டுனு நின்னுது பாரு, இருநூறு பேரும் குனிஞ்சு நிமிர்ந்து என்னையே முறைக்கிறாங்க. நான் என்னமோ வயரைப் பிடுங்கின மாதிரி! பாவி மக்கா, நான் பாப்கார்ன்தான்டா தின்னேன்னு சொன்னேன்."

ஆர்லீன் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு செனோபியாவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆல்ட்டன் முழங்கால்ல இருந்த பேப்பர்ல என்ன இருந்துது?"

"கோழி கிண்டின மாதிரி ஏதோ. கோடு கோடா, மேல புள்ளி. எனக்குப் பாட்டுக் குறிப்பெல்லாம் படிக்கத் தெரியுமா என்ன? பூதக்கண்ணாடி வச்சுப் புள்ளி புள்ளியா பார்த்து அப்படியே வரைஞ்சேன். அவன் பேப்பர்ல ஒண்ணும் விட்டுப் போயிடக் கூடாதுன்னு."

மணி ஐந்தரை. காற்று கிளம்பி அலங்காரக் காகிதங்களைப் பறித்துக்கொண்டு போனது. ஆர்லீன் மேடையேறி மைக்கை வாங்கினார். கீழே முன்னால் செனோபியா, ரூஃபஸ், டெல்ஃபீன், லூஷியஸ் நின்றார்கள்.

"மழை வர்றதுக்குள்ள முடிச்சுடுறேன். மிஸ் செனோபியா வரைஞ்ச படம் காணோம். பிரதர் லூஷியஸ் ஒரு சாட்சி சொல்லியிருக்கார். பிரதர், எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க. பாட்டு நின்னப்போ எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தீங்களோ, அந்தப் பக்கம் திரும்பியே நில்லுங்க."

லூஷியஸ் மீன் வேனைப் பார்த்துத் திரும்பி நின்று, சொன்னதையே சொன்னார். ரூஃபஸ் பல்லைக் கடித்தார்.

"நல்லது. இப்போ அந்த ஆட்டத்துல இருந்த எல்லாரும், பாட்டு நின்னப்போ பார்த்த பக்கம் திரும்புங்க."

தார் ரோட்டில் இருநூறு ஜோடிக் கால்கள் தேய்கிற சத்தம் கேட்டது. கிழவிகள், குழந்தைகள், டெல்ஃபீன், மேப்ரி, அத்தனை பேரும் தேவாலயத்தைப் பார்த்து நின்றார்கள். படியில் இருந்த மதர் ஐவரி, "மறுபடியுமா!" என்றார்.

மீன் வேனைப் பார்த்து நின்றவர் லூஷியஸ் ஒருவர்தான்.

அவர் மெல்லத் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "இல்ல... மூணாவது சுத்து அது. நான் எண்ணினேன்."

"சரியாத்தான் எண்ணினீங்க," என்றார் ஆர்லீன். "பாட்டு மூணாவது சுத்துலதான் நின்னுது. ஆனா சின்னப் பசங்க கால் பின்னிக்கிச்சுன்னு முதல் சுவர்லயே டில்லி கை தூக்கிட்டா. மேடையைப் பார்த்தே ரெண்டு சுத்து. ஆடினவங்களுக்கு அது தெரியும். கவனிக்காத மேப்ரிக்குக்கூட டெல்ஃபீன் கால் மூலமா தெரிஞ்சுபோச்சு. டில்லி வாயைத் திறக்கல, கையை மட்டும்தான் தூக்கினா. அதைப் பார்க்க முடியாம, பாட்டை மட்டும் கேட்டுக் கணக்குப் போடுற இடம் ஒண்ணுதான் இருக்கு. அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் பக்கத்துல."

"கிழட்டுப் பய!" என்று ரூஃபஸ் பாய்ந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ சும்மா இரு ரூஃபஸ். படத்தை மூடியிருந்த துணியை நீ தொட்டிருந்தா மாவும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். சுத்தமா நாலா மடிச்சு வச்சிருக்கு. டெல்ஃபீன் கால் மிதிபட்டு ஆட்டத்துல இருந்தா. அந்தப் படத்தைப் பார்த்த மூணு பேர்ல ரெண்டு பேர் முகத்தைப் பார்த்தாங்க. ஒருத்தர் மட்டும் முழங்காலைப் பார்த்தார். ஏன்னா அவருக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியும்." ஆர்லீன் மைக்கை இறக்கினார். "கீபோர்டு மேடையில இருக்கு. அதோட பெட்டி சந்துல உங்க கார்ல இருக்கு. படம் அதுக்குள்ளதான் இருக்கணும். சாவியைக் குடுங்க, லூஷியஸ்."

லூஷியஸ் சாவியைக் கொடுத்தார். மேப்ரி வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. திரும்பி வரும்போது படத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். செனோபியா முதலில் திருப்பிப் பார்த்தது முதுகைத்தான். போட்டோ இருந்தது. கீழே, காகிதத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த தேதி: ஜூலை 1974. லூஷியஸின் பாட்டு இசைத்தட்டாக வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

"மதர் ஐவரி, உங்களால இதைப் படிக்க முடியுமா?"

மதர் ஐவரியை நாலு பேர் மேடையேற்றினார்கள். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, ஆல்ட்டனின் முழங்காலுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். உதடு அசைந்தது. பிறகு கீபோர்டில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தினார்.

நாலாவது புள்ளியிலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பழக்கத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். திருமணங்களிலும் இழவுகளிலும், குளிர்காலக் காலைகளில் கார் வானொலியிலும் கேட்ட அதே 'கார்வர் தெரு காலை', ஒரு சுரம் பிசகாமல் வந்தது.

"இதையா?" என்றார் செனோபியா. "ரெண்டு வருஷமா இதையா நான் வரைஞ்சிட்டிருந்தேன்?"

லூஷியஸ் அவரைப் பார்க்காமல் பேசினார். "ஆஸ்பத்திரில அவன்தான் என் கைல குடுத்தான். வெளில கொண்டு வா, என் பேரைப் போடுன்னான். முதல் தடவை ரேடியோக்காரன் என் பேரைச் சொன்னான். மறுக்கல. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லிடலாம், சொல்லிடலாம்னு..."

"ஒவ்வொரு வருஷமும் என் சமையல்கட்டுல உக்காந்து சாப்பிட்டே," என்றார் செனோபியா. "எங்கம்மா கண்ணை மூடுற அன்னிக்கு, அவ கட்டில் பக்கத்துல உக்காந்து இதை வாசிச்சே. 'நான் போட்ட பாட்டு'ன்னு சொன்னே. எங்கம்மா, பெத்த பிள்ளையோட பாட்டைக் கேட்டுட்டு, உனக்கு நன்றி சொல்லிட்டுச் செத்தா, லூஷியஸ்."

தேவாலய வாசலில் அறிவிப்புப் பலகை காற்றில் அடித்துக்கொண்டது. லூஷியஸின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"மேல ஏறு. மைக்கை எடு. பேரைச் சொல்லு," என்றார் செனோபியா.

ஆறு மணிக்குப் படத்தை மேடையின் நடுவில் வைத்தார்கள். லூஷியஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "கார்வர் தெரு காலை. இது ஆல்ட்டன் ஹார்க்ரோவ் போட்ட பாட்டு. நான் போட்டது இல்ல. எப்பவுமே இல்ல." சொல்லிவிட்டு இறங்கினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. ஒருவரும் அவர் தோளைத் தொடவில்லை.

மதர் ஐவரி இப்போது பத்து விரலாலும் வாசித்தார். முதல் தூறல் விழுந்தது, யாரும் அசையவில்லை. டில்லி முன்வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ரூஃபஸ், கையைத் துடைத்துக்கொண்டு டெல்ஃபீன் பக்கத்தில். மேப்ரி இந்தத் தடவை டில்லியின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செனோபியா ஒற்றைச் செருப்போடு, ஆர்லீனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

மேடையைப் பார்த்து முதல் சுற்று ஆடினார்கள். திரும்ப வேண்டிய இடம் வந்தது. டில்லி கையை உயர்த்தினாள். இருநூறு பேரும் திரும்பாமல், ஆல்ட்டனின் முகத்தைப் பார்த்தே அடுத்த சுற்று ஆடினார்கள். அது முடிந்ததும் மறுபடி கை உயர்ந்தது.

மழை வலுத்ததும் மேப்ரி ஓடிப்போய்ப் படத்தின் மேல் குடை பிடித்தார். பாட்டு முடியும்வரை டில்லி கையை இறக்கவில்லை.